மூன்றாவது புள்ளி

பெருமாளை நான் உயிரோடு பார்த்ததில்லை. அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, அவருடைய இரண்டு கண்களின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதுதான் எங்கள் முதல் அறிமுகம்.

பட்டப்பகல்தான். ஆனாலும் எங்கள் ஆபீஸின் கம்ப்யூட்டர் அறை இருட்டாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு வெயிலும் ஆகாது தூசியும் ஆகாது என்று ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தர்மபுரி வெயிலிலிருந்து அந்த ஏ.சி. குளிருக்குள் கால் வைத்தால் வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு வீடு. கோடுகள் மட்டும்தான், சுவர் எதையும் மறைக்காது. முன்கட்டைத் தாண்டிச் சமையலறை, சமையலறையைத் தாண்டிப் பின்கதவு என்று எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். அந்த வீடு அப்போது பூமியில் இல்லை. இடிந்து, மண் அள்ளப்பட்டு, வெறும் இடமாகிவிட்டது. அதன் அடியில் செத்தவர்தான் பெருமாள்.

நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டரில் வீடு வரைந்தேன் என்கிறீர்களே, நம்பும்படி சொல்லுங்கள்" என்று கார்டு போட்டிருந்தார். நம்பும்படி சொல்லக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இதுதான்.

ஆணியும் நூலும்

எங்கள் வீடு பாலக்கோட்டுப் பக்கம். அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்துவிட்டு, தர்மபுரியில் சுந்தரம் சார் என்ற இன்ஜினியரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். எண்பதுகளின் கடைசிப் பகுதி அது.

பிளான் வரைந்தால் ஜனங்களுக்குப் புரியாது. "இதுல எங்கம்மா வூடு?" என்பார்கள். அதனால் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படமும் சேர்த்துக் கொடுப்போம். பெர்ஸ்பெக்டிவ் என்று பெயர்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. கட்டடத்தின் ஒரு மூலை நம்மைப் பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு இடப்பக்கம் உள்ள சுவரின் கோடுகளெல்லாம் சரிந்துகொண்டே போய், தூரத்தில் இடப்பக்கம் ஒரு புள்ளியில் சேரும். வலப்பக்கச் சுவரின் கோடுகள் வலப்பக்கம் ஒரு புள்ளியில் சேரும். இரண்டு புள்ளிகளும் பார்க்கிறவரின் கண்மட்டத்தில் இருக்கும். அவ்வளவுதான். இந்த இரண்டு புள்ளிகள் சரியாக அமைந்துவிட்டால் தாளில் வீடு எழுந்து நின்றுவிடும்.

சிரமம் என்னவென்றால், அந்தப் புள்ளிகள் தாளுக்குள் இருக்காது. மேஜைக்குள்ளும் இருக்காது. இடப்பக்கம் சுவரில் ஒரு ஆணி, வலப்பக்கம் பீரோ கதவில் ஒரு ஆணி அடித்து நூல் கட்டி இழுத்துக்கொண்டு வருவேன். டீ கொண்டுவருகிறவர் நூலில் மாட்டி டம்ளரோடு தடுமாறாத நாள் இல்லை.

சாரின் தம்பி பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். அவர் மூலமாகத்தான் கம்ப்யூட்டரும், அதோடு படம் போட்டுத் தருகிற பிளாட்டர் என்ற இயந்திரமும் பழையதாக வந்தன. கோடு வரையும் புரோகிராம் அட்டை மாதிரி நாலைந்து ஃப்ளாப்பிகளில் இருந்தது. அதில் ஒரு கோடு என்றால் இரண்டு முனைகள், அவ்வளவே. எத்தனை பெரிதாக்கினாலும் கோடு தடிக்காது, பிசிறடிக்காது. தூரத்துப் புள்ளியைப் பார்க்க வேண்டுமா? படத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் போதும். வீடு ஒரு தீப்பெட்டியாகி, மிளகாகி, நடுவில் நிற்கும். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கறுப்பு வெளியில் இரண்டு புள்ளிகள் தெரியும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். வீடு நடுவில் அவ்வளவு சின்னதாக, யாரோ இரண்டு பக்கமும் தூரத்தில் நின்று பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது.

கண்ணுள்ள படங்கள்

இங்கே வேறொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படம் ஒன்று மாட்டியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் நம் கூடவே வரும். சின்ன வயதில் பின்கதவு வழியாகச் சுற்றி வந்து ஏமாற்றப் பார்ப்பேன். ஏமாறாது.

வரையக் கற்ற பிறகு காரணம் புரிந்தது. வரைந்தவர் எங்கே இருந்து பார்த்தாரோ, படம் அந்த இடத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. நாம் எங்கே நின்றாலும் அந்த இடத்துக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். புரிந்ததால் பயம் போய்விடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மாதையன் கொண்டுவந்த போட்டோ

மாதையன் காரிமங்கலத்துப் பக்கத்து விவசாயி. முப்பது வயதிருக்கும். பெருமாளின் தம்பி. துண்டுக்குள் மடித்து ஒரு போட்டோவைக் கொண்டுவந்திருந்தார்.

மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த வீடு. முன் வாசலில் வெள்ளை வேட்டியோடு பெருமாள் நிற்கிறார். பொங்கலுக்கு ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த படம். அதே வருஷம் ஐப்பசி மழையில் பக்கச் சுவர் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"இதே வூடு, இதே எடத்துல வேணுங்க," என்றார் மாதையன். "செவுரு மட்டும் செங்கல்லு. பாக்கறதுக்கு அப்படியே இருக்கணும். எங்கப்பாரு ஒரே புடியா நிக்கறாரு. அண்ணன் அலைஞ்சிட்டு இருக்குது, வந்து படுக்க வூடு இல்லன்னு சொல்றாருங்க."

சார் என்னைப் பார்த்தார். பிளான் கிடையாது, அளவு கிடையாது. ஆனால் ஒரு நல்ல போட்டோ இருந்தால் பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவை எடுக்கலாம்.

போட்டோவைப் பெரிதாக்கி, மேலே கட்டம் போட்ட கண்ணாடித் தாள் வைத்து, ஒவ்வொரு மூலைக்கும் எண்ணைக் குறித்து டைப் செய்தேன். கண்மட்டம் எது என்று தெரிய வேண்டும். படம் எடுத்தவர் ஏறக்குறைய பெருமாள் உயரம், நின்றதும் அதே தரை என்றார் மாதையன். அப்படியென்றால் கண்மட்டக் கோடு பெருமாளின் கண்கள் வழியாகத்தான் போகும்.

இரண்டு கண்ணுக்கும் எண்ணைக் குறித்தேன். கோடு இடமிருந்து வலமாக, அவர் முகத்தை வெட்டிக்கொண்டு ஓடியது.

சேராத கோடுகள்

முன்சுவரின் கோடுகள் எல்லாம் ஒழுங்காக இடப்பக்கப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. வலப்பக்கம்தான் வம்பு.

பக்கச் சுவருக்குக் கீழே அஸ்திவாரமான கருங்கல் கடைக்கால் தெரிந்தது. மேலே ஓட்டுக்கூரையின் உச்சி. இந்த இரண்டும் போய் ஒரு புள்ளியில் சேர்ந்தன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் இருக்கிறதே, அதில் பூசிய செம்மண் பட்டை, ஜன்னலின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இந்த மூன்றும் அங்கே போகவில்லை. கண்மட்டத்திலேயே, ஆனால் தள்ளி, வேறு ஒரு இடத்தில் தமக்குள் கூடிக்கொண்டன.

இரண்டு புள்ளி இருக்க வேண்டிய வீட்டுக்கு மூன்று புள்ளி.

என் தப்பு என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே இடம். மூன்றாவது தடவை கண்ணாடித் தாளையே மாற்றினேன். ஏ.சி. குளிரில் எனக்கு வேர்த்தது. கறுப்புத் திரையில் அந்த மூன்றாவது புள்ளி, வேறு யாரோ ஒரு ஆள் தூரத்தில் வந்து நிற்கிற மாதிரி நின்றது.

சாரைக் கூப்பிட்டேன்.

"கை நடுங்கியிருக்கும், பிலோமினா."

"மூணு தடவையும் ஒரே மாதிரியா நடுங்கும், சார்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒவ்வொரு கோடாக விரலை ஓட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடைக்காலும் கூரையும் ஒரு பக்கம் பாக்குது. நடுவுல செவுரு மட்டும் வேற பக்கம் பாக்குது. செவுரு திரும்பியிருக்கு. மழைக்கு முன்னாடியே. இந்தப் படம் எடுத்த அன்னிக்கே."

சுவரின் பின்மூலை வெளியே நகர்ந்திருக்க வேண்டும். போட்டோவில் அந்த மூலையை ஒரு விறகு அடுக்கு மறைத்திருந்தது.

கருநாக்கு

மாதையன் வந்த அன்று பிளாட்டரில் படத்தை ஓடவிட்டேன். தாள் முன்னும் பின்னும் நகர, பேனா தானாக எழுந்து, தானாக இறங்கி, வரையத் தொடங்கியது. மாதையன் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"யாருங்க எழுதறது?"

"யாரும் இல்லைங்க. மெஷின்தான்."

வீடு வந்தது. கடைசியாக வாசலில் நின்ற ஆளின் உருவம் வந்தது. உயரம் தெரிவதற்காக வெறும் வெளிக்கோடு மட்டும் போட்டிருந்தேன். பேனா சுற்றி வந்து நின்றது.

"மொகம் போடுலீங்களா?" என்றார் மாதையன்.

சுவர் விஷயத்தை சார் சொன்னார். மாதையனின் முகம் வெளிறியது. சந்தோஷமோ துக்கமோ இல்லாத ஒரு பார்வை.

"எங்கண்ணி அதைத்தாங்க சொல்லிட்டே இருந்துச்சு," என்றார். "செவுரு நடக்குது, செவுரு நடக்குதுன்னு. பொங்கலுக்கு முன்னாடியிருந்தே. காத்து புடிச்சிருக்குதுன்னு பூசாரியைக் கூட்டியாந்து வேப்பிலை அடிச்சோம். அப்புறம் செவுரு வுழுந்துடுச்சு. அது சொன்னதாலதான் வுழுந்துச்சுன்னு ஊரே சொல்லுதுங்க. கருநாக்கு. எங்கப்பாரு அதை வூட்டுக்குள்ள சேக்கறதில்ல. மாட்டுக்கொட்டாயில இருக்குது."

"அவங்க சொன்னதால விழல. விழறதைப் பாத்துச் சொன்னாங்க," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

மாதையன் படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

காவேரி

அடுத்த வாரம் இடத்தைப் பார்க்கப் போனோம். சார் காமிராவோடு நாலா பக்கமும் படம் எடுத்தார். வீடு இருந்த இடம் சுத்தமாகக் கிடந்தது. கடைக்கால் கற்கள் மட்டும் தரையில் ஒரு வீட்டின் அளவுக்கு வரிசையாக நின்றன. பக்கத்திலேயே மாதையனின் அப்பா கட்டிய பெரிய வீடு. அதில் பெரியவரும் மாதையனும் மாதையனின் மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

மாட்டுக்கொட்டாய் ஓரமாகப் பெருமாளின் மனைவி காவேரி சாணி தட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். சார் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னொரு படப்பிரதியை விரித்துக் காட்டினேன்.

"அக்கா, இது உங்க வூடு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி, பக்கச் சுவரின் பின்மூலை மேல் வைத்தார். விறகு மறைத்திருந்த மூலை. தாளில் அங்கே எந்த அடையாளமும் இல்லை.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"ஜன்னல்ல வர்ற வெயிலு," என்றார். குரல் கரகரத்தது, பேசியே நாளாகியிருக்க வேண்டும். "காத்தால அடுப்பு மேல வுழும். ஒவ்வொரு மாசமும் வெயிலு எப்படி நவுரும்னு எனக்குத் தெரியும். பத்து வருசமா அங்கதான சமைச்சன். அந்த வருசம் அது வேற எடத்துல வுழுந்துச்சு. வெயிலு தப்புப் பண்ணாது, பாப்பா. செவுருதான் பண்ணும்."

"அதைச் சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"சொன்னன். அடிச்சாங்க." தாளை என்னிடம் நீட்டி, "ஒருவேளை நான் சொன்னதாலதான் வுழுந்துச்சோ என்னவோ," என்றார். அவரே அதைப் பாதி நம்பிவிட்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவர் ஒன்று செய்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்து இறுக்கி அழுத்திக்கொண்டார். கண்கள் மட்டும் மெதுவாகத் திரும்பி, என் தோளுக்குப் பின்னால் போய் நின்றன.

நானும் திரும்பினேன். அங்கே பெரிய வீடு. கதவு திறந்திருந்தது. குழந்தை ஒன்று நடையில் தவழ்ந்துகொண்டிருந்தது.

"அக்கா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வாயிலிருந்து துணியை எடுக்கவே இல்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். அந்த மத்தியான வெயிலில் என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

சொன்னது நான்

சார் எடுத்த போட்டோக்களில் ஒன்றில் பெரிய வீடு மூலையோடு நன்றாக விழுந்திருந்தது. பிரிண்ட் வந்த அன்றே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடப் போகவில்லை. எண்களை ஒவ்வொன்றாக டைப் செய்து, படத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன்.

இடப்பக்கம் ஒரு புள்ளி. வலப்பக்கம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், இன்னொன்று.

அன்றைக்கு நான் பயந்தது அந்தப் புள்ளிக்கு அல்ல. "இது இப்படித்தான் இருக்கும்" என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் நானும் சாரும் பஸ் பிடித்துப் போனோம். பெரியவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் மாட்டுக்கொட்டாயைப் பார்த்துக் கத்தினார்: "இதுக்கும் நாக்கை நீட்டிட்டியாடி?"

"ஐயா, அவங்க ஒரு வார்த்தை சொல்லல. சொன்னது நான்," என்றேன். "திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அந்த மூலையை மறைச்சு நெல்லு மூட்டை அடுக்கியிருக்கீங்களே, அதை மட்டும் நகத்திப் பாக்கலாங்க."

மாதையன்தான் எழுந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி மூட்டை நகர்ந்ததும் சுவர் மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. சார் கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போனது. அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்து எங்கள் முகத்தில் பட்டது. வீடு மூச்சு விடுகிற மாதிரி.

பழைய குட்டையைத் தூர்த்து அதன் ஓரத்தில் இரண்டு வீட்டையும் கட்டியிருக்கிறார்கள். அடிமண் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இது பிறகு சார் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

அன்று மாலைக்குள் குழந்தைகளையும் பாத்திரங்களையும் மோட்டார் ரூமுக்கு மாற்றினார்கள். பெரியவர் மட்டும் நாலு நாள் பிடிவாதமாக உள்ளேயே படுத்தார். ஐந்தாம் நாள் மாதையன் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாராம். மழை பிடித்த மூன்றாம் நாள், காலை பத்து மணி சுமாருக்கு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சூடம்

பெரியவர் காவேரியை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டையும் மேட்டில், வேறு இடத்தில் கட்டினார்கள். நான்தான் வரைந்தேன். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு முற்பகலில் காவேரி ஆபீஸுக்கு வந்தார். நல்ல புடவை, நெற்றி நிறையத் திருநீறு. ஆனால் உடம்பு பாதியாகியிருந்தது.

"என்னக்கா, சௌக்கியமா?"

"சுத்துப்பட்டு ஊருல எங்க வூடு கட்டினாலும் என்னைக் கூட்டிட்டுப் போறாங்க, பாப்பா. நிக்கும்னு சொல்லச் சொல்றாங்க. சொன்னாத்தான் பால் காய்ச்சறாங்க."

"நல்லதுதானேக்கா? இப்ப நம்பறாங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து ஒரு வூட்டுல செவுரு கோணலா ஏறுது. பாருங்கன்னு கையைக் காட்டறன். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பலை. சூடத்தைக் கொளுத்தி என் மொகத்துக்கு நேரா காட்டறாங்க. கால்ல வுழறாங்க. வாக்கை மாத்திச் சொல்லு ஆத்தான்னு அழறாங்க. அப்ப என்னை அடிச்சாங்க, இப்பக் கும்புடறாங்க. செவுத்தை அப்பவும் யாரும் பாக்கலை, இப்பவும் யாரும் பாக்கலை."

எழுந்து சாரிடம் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

நாங்கள் போனபோது அந்த வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தட்டில் சூடம் தயாராக இருந்தது. என்னையும் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாவதாக ஒரு கட்டி எடுத்து வைத்தார்கள். இரண்டும் எரிந்தன. புகையில் அத்தனை முகங்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றிலும் கண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காவேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சாரத்தில் தொங்கிய தூக்குக்குண்டை எடுத்துக் கொத்தனாரின் கையில் திணித்தார்.

"நான் ஒண்ணியும் சொல்ல மாட்டன். நீ புடி," என்றார்.

கொத்தனார் நூலைச் சுவரோடு பிடித்தார். குண்டு ஆடி ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் போகும்.

கொத்தனார் அதைப் பார்த்தார். வீட்டுக்காரர் பார்த்தார். ஒவ்வொருவராகக் கிட்டே வந்து, குனிந்து, எல்லோரும் பார்த்தார்கள். தட்டில் சூடம் தானாக எரிந்து அணைந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

காவேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, அன்றுதான் முதல் தடவையாகத் தன் புருஷனுக்காக அழுதார்.